ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பசிக்காதா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்பிள்ளைகளின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அது ஒரு நாள் முழுக்கப் பேசவேண்டிய விடயம். தந்திருப்பது 25 நிமிடம். ஆகவே நான் அதை ஒரு வேளைச் சாப்பாடாகச் சுருக்கிக்கொண்டேன். காலைச் சாப்பாடு. அதிலும், செட்டிகுளம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து படிக்கிற பிள்ளையின் காலைச் சாப்பாடு. நானும் அந்த பஸ்ஸில் வந்தவள்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது நிறையும் உயரமும் பார்த்து முடிந்தபின் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை, காலமை என்ன சாப்பிட்டனீ?"

"பிளேன்ரீ குடிச்சனான், மிஸ்."

"அதோட?"

"பசிக்கேல்லை, மிஸ்."

இந்தப் 'பசிக்கேல்லை' எங்கள் பிள்ளைகள் சொல்லப் பழகிய மரியாதையான பொய். தாயைக் காட்டிக்கொடுக்காத பொய். அம்மா ஐந்து மணிக்கே கச்சான் புடுங்கவோ களை பிடுங்கவோ கூலிக்குப் போயிருப்பா. இரவுச் சோற்றில் மிஞ்சியது தம்பி தங்கச்சிக்குப் போயிருக்கும். ஆறு மணி பஸ்ஸை விட்டால் பிரார்த்தனைக்குப் பிந்தும். பிந்தினால் வாசலில் பெயர் எழுதுவார்கள். பிறகு இடைவேளை வரைக்கும் வயிற்றில் இருப்பது சீனி போட்ட தேயிலைத் தண்ணீர்தான். பிரார்த்தனை நேரத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் ஆசிரியர்கள் விரதமோ என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் அந்தக் கேள்வி இன்னும் வசதி.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் வைக்கலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கு இரத்தத்தில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்கிறோம். மாதவிடாய் தொடங்கும் வயதும், உயரம் வேகமாக ஏறும் வயதும், எங்கள் பாடசாலையில் 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரையான வயதும் ஒன்றுதான். அந்த நாலைந்து வருடத்தில் உடம்பு இரும்புச்சத்தை அள்ளிக் கேட்கும். அரசாங்கம் பாடசாலைகளில் வாரத்துக்கு ஒரு தடவை இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வெறுவயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒருமுறை வாந்தி எடுத்த பிள்ளை அடுத்த வாரம் மாத்திரையைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடிக்கும். அப்படியே விழுங்கினாலும் முன்னும் பின்னும் குடித்த பிளேன்ரீ இரும்பில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரை வேலை செய்யவேண்டும் என்றால் அதற்கு முன் வயிற்றுக்குள் ஏதாவது போயிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க என்னைப்போல ஒருத்தி மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எங்கள் விடுதிக் குசினியில் நின்ற அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது.

இனி நான் உங்களைக் கொஞ்சம் யோசிக்கக் கேட்கிற இடத்துக்கு வருகிறேன். ஒரு பெண்பிள்ளையின் வயதை ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் எந்த எந்த இடத்தில் நாடு அவளுக்குச் சாப்பாடு கொடுக்கிறது என்று புள்ளி வையுங்கள்.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பதிகிறா. கிளினிக்கில் தாய்க்குத் திரிபோஷா. 1973 இலிருந்து இந்த நாட்டில் சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்துச் செய்து கொடுக்கப்படுவது, மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. பிறந்து ஆறு மாதம் கடந்த குழந்தை, நிறைக் கோடு இறங்கினால், ஐந்து வயது வரைக்கும் அதே திரிபோஷா. பிறகு முதலாம் தரம். 2024 இலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடசாலை உணவு என்று விரிவாக்கினார்கள். ஐந்தாம் தரம் வரைக்கும் இது வரும். புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, நல்ல புள்ளி எடுத்து, எங்கள் பாடசாலை போன்ற ஒரு பாடசாலையில் 6ஆம் தரத்துக்குச் சேருகிற அன்று அவளுடைய சாப்பாடு நிற்கிறது. கெட்டித்தனத்துக்குக் கிடைக்கிற பரிசு அது.

அதற்குப் பிறகு புள்ளியே இல்லை. தரம் 7 இலும் 10 இலும் நாங்கள் போய் நிறுத்துப் பார்ப்போம், கார்ட்டில் எழுதுவோம். உணவு இல்லை. அடுத்த தடவை இந்த நாடு அவளுக்குச் சத்துணவு நீட்டுவது அவள் கர்ப்பிணியாகக் கிளினிக் வாங்கில் வந்து உட்காரும்போது. அதற்குள் பத்து, பதினைந்து வருடம் போய்விட்டது. நிறை குறைந்த, இரத்தம் குறைந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். 2016 இல் எடுத்த தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 15 வீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. திரிபோஷாவை இன்னும் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் குழந்தையின் தாய் 7ஆம் தரத்தில் சாப்பிடாமல் இருந்ததைத் திரிபோஷா திருப்பித் தராது.

தமிழ்நாட்டைப் பார்த்தேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது 1920 இல், பி. தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது. அவர்களின் மதிய உணவு இப்போது 10ஆம் வகுப்பு வரை போகிறது. ஆனால் 2022 செப்ரெம்பரில் மதுரையில் தொடக்கிய காலை உணவுத் திட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கென்றுதான் அமைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் ஐந்தாம் வகுப்பில் ஒரு கோடு. பத்து வயதுப் பிள்ளைதான் குழந்தை, பதினொரு வயதுப் பிள்ளை பெரிய பிள்ளை என்ற எண்ணம் எங்கள் வீடுகளிலும் இருக்கிறது, திட்டம் போடுகிறவர்களிடமும் இருக்கிறது.

ஒரு கேள்வி வரும். செட்டிகுளம் நெல் விளைகிற இடம். குளம் இருக்கிறது, குளத்தில் ஜப்பான் மீன் இருக்கிறது, வேலியில் முருங்கை நிற்கிறது. அங்கே பசியா? நகரத்தில் இருக்கிற அக்காமார் இதைக் கேட்பது இயல்பு. வவுனியா நகரத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து, நாட்கூலிக்குப் போகிற குடும்பத்தின் பசி உங்கள் கண்ணுக்குத் தெரியும். அவர்களுக்குக் கிணறும் இல்லை, முருங்கையும் இல்லை. செட்டிகுளத்தின் பசி மாதக் கணக்கில் வருகிற பசி. மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டுவார்கள். விதைக்கும் உழவுக்கும் உரத்துக்கும் பட்ட கடனுக்கு நெல்லைச் சூட்டோடு சூடாக, ஈரம் காயமுன்பே, வயலடியில் வந்து நிற்கிற லொறிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதே வீடு ஐப்பசி, கார்த்திகையில் கடையில் அரிசி வாங்கும், விற்ற விலையைவிடக் கூடிய விலைக்கு. காணி இல்லாதவர்களுக்கு மழை தொடங்கினால் கூலியும் இல்லை. வாரக்கடன் எடுத்த வீடுகளில் கடன்காரர் வருகிற நாளுக்கு முதல்நாள் மீன்கறி இராது. மாதம், கிழமை எல்லாம் ஒரு பிள்ளையின் நிறையில் எழுதியிருக்கும். கிளினிக் கொப்பியைப் புரட்டினால் வாசிக்கலாம்.

2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பயிர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2022 இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட 40 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது என்று உலக உணவுத் திட்டமும் உணவு, விவசாய அமைப்பும் கணக்கிட்டன. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சம்பளம் அப்படியே இருக்க, சாப்பாட்டுச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பு. 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போதிய உணவு இல்லை என்றார்கள். சோளம் கிடைக்காமல் திரிபோஷாவும் தடைப்பட்டது. தாய்மாருக்கு வெறும் கார்ட்டை நிரப்பி அனுப்பிய மாதங்கள் உண்டு.

அந்தக் காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் சமூகச் சமையலறைகள் தொடங்கினார்கள். தேவாலயக் கூடத்திலும் விகாரை மண்டபத்திலும் பெரிய பானை வைத்துச் சோறும் பலாக்காய்க் கறியும் சமைத்துக் கொடுத்தார்கள். சர்வோதயமும் ஊர் ஊராகச் செய்தது. அந்தப் பானைகளால் பல பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் நகரத்துக்குப் பொருந்துகிற வழி எங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு தெருவில் ஐந்நூறு பேர் இருக்கிற இடத்தில் ஒரு பானை போதும். செட்டிகுளத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் வயல் கிடக்கிறது. பிள்ளைகள் ஒன்றாகச் சேருகிற இடம் பாடசாலை ஒன்றுதான்.

பெரிய பானைச் சமையலை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாமில் அதைப் பார்த்தோம். போரின் முடிவில் இடம்பெயர்ந்த மூன்று இலட்சத்தை அண்மித்த மக்களில் பெரும்பாலானோரை எங்கள் அருவியாற்றுக் கரைக் காட்டுக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று வலயங்களுக்குப் பெரிய மனிதர்களின் பெயர். உள்ளே கம்பிவேலி. முதல் நாள்களில் வெளியிலிருந்து சமைத்த பார்சல்கள் போயின. வவுனியாவின் வீடுகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் இரவிரவாகச் சோறு கட்டினார்கள். இங்கே இருக்கிற சில அக்காமாரின் கைகளும் அந்தப் பார்சல்களைக் கட்டின. பிறகு உலர் உணவு வந்தது. அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி. கூடாரங்கள் சேர்ந்து ஒரு அடுப்பு மூட்டி, பெண்கள் முறைவைத்துச் சமைத்தார்கள். விறகுக்கு அடிபட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று அளந்த அரிசி வந்தது, ஆனால் மரக்கறியும் மீனும் தேங்காயும் வேறு நிறுவனம் தந்தால்தான் வரும். அவர்கள் தராத வாரம் பருப்பும் சோறும், அடுத்த வாரமும் பருப்பும் சோறும். 2012 செப்ரெம்பரில் முகாமை மூடும்வரை இந்தக் கதை வெவ்வேறு அளவில் தொடர்ந்தது.

அதில் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். யாரிடம் அரிசி இருக்கிறது, யாரிடம் மரக்கறி இருக்கிறது, எந்தக் கூடாரத்தில் பாலூட்டும் தாய் இருக்கிறாள் என்ற மூன்று கணக்கும் மூன்று கொப்பியில் இருந்தன. அந்தக் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இடத்தில் பிள்ளைகள் தேறினார்கள். கொடுக்கிறவர்களின் மனம் பெரிதாக இருந்த இடத்தில் அல்ல. மனம் எல்லா இடத்திலும் பெரிதாகத்தான் இருந்தது.

இன்றைக்கும் அதே நிலைமை. கொப்பிகள் எங்களிடம் இருக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தருக்குத் தன் பிரிவில் எந்த வீட்டில் அடுப்பு ஒரு தரம் எரிகிறது, எந்த வீட்டில் இரண்டு தரம் எரிகிறது என்று தெரியும். 2023 இல் அஸ்வெசும பட்டியல் வெளிவந்தபோது பெயர் விடுபட்டவர்கள் நாடு முழுவதும் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஆனால் எங்கள் பகுதியில் எந்த வீடு விடுபட்டது என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். வகுப்பாசிரியைக்கு எந்தப் பிள்ளை இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறாள் என்று தெரியும். சங்கக்கடை மனேச்சருக்கு யார் கால் கிலோ அரிசி வாங்குகிறார் என்று தெரியும். கோயிலில் எந்த நாள் அன்னதானம், பள்ளிவாசலில் எப்போது கஞ்சி, தேவாலயத்தில் எப்போது திருநாள் சோறு என்று ஊருக்கே தெரியும்.

சங்கக்கடையைச் சும்மா சொல்லவில்லை. கூட்டுறவுச் சட்டம் இந்த நாட்டுக்கு வந்தது 1911 இல். மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவாக வைத்தியசாலையே கட்டினார்கள், 1936 இல். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957 இலிருந்து. போர்க்காலம் முழுக்க நிவாரண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சங்கக்கடை வாசலில் நின்ற தலைமுறை நாங்கள். அந்த வரிசையை நாங்கள் விரும்பவில்லை, ஆனால் பாதை மூடிய காலத்திலும் அரிசியை உள்ளே கொண்டுவந்து, அளந்து கொடுத்துக் கணக்கு வைத்த ஒரே அமைப்பு அதுதான். இப்போது பளபளப்பான கடைகள் வந்துவிட்டன என்று அதை மறந்துவிட்டோம். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கூப்பன் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் பதிகிறா, பிரதேச செயலகம் கூப்பன் கொடுக்கிறது, சங்கக்கடையோ தெரிந்தெடுத்த வேறு கடையோ பொருள் கொடுக்கிறது. மூன்று இடம், ஒரு பட்டியல். குறைபாடுகள் இருக்கலாம், ஆனால் எங்கள் மண்ணில் ஓடுகிற வண்டி அது. அதே வண்டியில் 6ஆம் தரப் பிள்ளையை ஏற்றமுடியாதா என்பதுதான் என் கேள்வி.

பெண்கள் சங்கங்களும் புதிது அல்ல. கனடாவிலிருந்து 1896 இல் இலங்கைக்கு வந்து, ஒரு தமிழரை மணந்து, இங்கேயே வாழ்ந்து முடித்த வைத்தியர் மேரி இரத்தினம் 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கினார். கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர். வைத்தியசாலைக்குள் இருந்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது என்று கண்டு, கிராமத்துப் பெண்களைச் சங்கமாகச் சேர்த்து வீட்டுத்தோட்டம், சமையல், குழந்தை வளர்ப்பு என்று வேலை செய்தார். 1958 இல் மக்சைசாய் விருது கிடைத்தது. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய நினைவு வரும். கட்டடம் இருக்கிறது, கதிரை இருக்கிறது, சேமிப்புக் கணக்கு இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. பல இடங்களில் கூட்டம் மட்டும் நடக்கிறது.

இனிப் பணம் பற்றி. நூற்றாண்டுக்கு நினைவாக முகப்பு வளைவு கட்டுவதா, மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவதா என்று நிர்வாகக் குழுவில் விவாதம் நடப்பது எனக்குத் தெரியும். வளைவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த வளைவுக்குக் கீழே பசியோடு நடந்து வருகிற பிள்ளையைப் பற்றியும் ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன்.

கணக்கைச் சொல்கிறேன். 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரை 60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் பயறோ கௌபியோ கடலையோ. ஒரு நாளைக்கு 3 கிலோ. மாதம் 20 பாடசாலை நாள் என்றால் 60 கிலோ. அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, ஒரு சம்பல். வாரத்தில் இரண்டு நாள் முட்டை, அது 120 முட்டை. ஒரு நாள் இலைக்கஞ்சி, வல்லாரையும் முருங்கையிலையும் சங்கத்துப் பெண்களின் வேலிகளிலேயே கிடைக்கும். மாத்திரை கொடுக்கிற நாளில் ஒரு தேசிக்காயோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு உடம்பில் சேரும். பிளேன்ரீ இடைவேளைக்குத் தள்ளிப்போகட்டும். சங்கக்கடை பொருளை மாதக் கொப்பியில் கொடுக்கும். மாதர் சங்கம் சமைக்கும், அதற்குக் கூலி வாங்கும். இலவச உழைப்பாக வேண்டாம். சமைக்கிறவரும் ஒரு தாய்தான், அவவின் பிள்ளையும் இந்தப் பாடசாலையில்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குசினியைப் பார்ப்பார். தவணைக்கு ஒருதரம் நாங்கள் நிறை பார்த்து உங்களிடம் தருவோம், பெயர் இல்லாமல்.

கூலியைப் பற்றி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் குடும்பஸ்ரீப் பெண்கள் 2020 இலிருந்து ஊர் ஊராக மக்கள் உணவகம் நடத்தி 20 ரூபாவுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். அரசின் மானியத்தை நம்பித்தான் அந்த விலை. 2023 இல் மானியம் நின்றது. வரவேண்டிய நிலுவைக்காகப் பெண்கள் தெருவில் இறங்கவேண்டி வந்தது. கடைக்காரருக்குக் கடன்பட்டது அவர்களின் பெயரில். எங்கள் பாடசாலை உணவுக்குச் சமைக்கிற பெண்களும் காசு பிந்துகிற மாதங்களில் இதே கடையில், இதே கடனில் நிற்கிறவர்கள்தான். கூட்டாகச் செய்கிற வேலையில் ஒருவர் கை விட்டால் சுமை எப்போதும் ஆகக் கீழே நிற்கிற பெண்ணின் தலையில் விழும். ஆகவே நாங்கள் தொடங்கினால் மூன்று மாதக் காசை முதலில் சங்கக்கடைக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற அக்காமாருக்கு ஒரு தனிச் சொல். பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்பாவின் திவசத்துக்கும் நீங்கள் அனுப்புகிற காசில் ஒரு நாள் பிரியாணி கொடுக்கிறார்கள். படமும் வருகிறது. மார்கழியில் ஒரே கிழமையில் மூன்று பிரியாணி, பிறகு மாசி வரை ஒன்றுமில்லை. பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறார்கள், அதை நான் குறைசொல்லவில்லை. அந்தக் காசை ஒரு மாதப் பயறாக மாற்ற விருப்பமானவர்கள் மாற்றுங்கள். அப்பாவின் பெயரைச் சங்கக்கடைக் கொப்பியில் எழுதுவோம். படம் வராது. சாப்பிடுகிற பிள்ளையைப் படம் எடுப்பதில்லை என்ற ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மெனிக்பாமிலும் 2022 இலும் எடுத்த படங்கள் போதும்.

அதே காரணத்துக்காகத்தான், வறிய பிள்ளைகளுக்கான உணவு என்று பெயர் வைத்தால் ஒரு பிள்ளையும் வரமாட்டாள் என்கிறேன். எங்கள் பிள்ளைகள் பசியைப் பொறுப்பார்கள், அந்தப் பெயரைப் பொறுக்கமாட்டார்கள். பிரேசிலில் பெலோ ஒரிசோன்ரே என்ற நகரம் 1993 இல் சாப்பாட்டுக்கென்றே நகரசபையில் ஒரு பிரிவை உருவாக்கி, தேவாலயங்களையும் தொழிற்சங்கங்களையும் வியாபாரிகளையும் ஒரு சபையில் உட்காரவைத்தது. அங்கே திறந்த மக்கள் உணவகத்தில் யாரும் வந்து சாப்பிடலாம். அலுவலகத்தில் வேலை செய்பவரும் குப்பை பொறுக்குபவரும் ஒரே வரிசையில் நின்றால் யார் வறியவர் என்று வரிசை சொல்லாது. நாங்கள் அதை இன்னும் இலகுவாகச் செய்யலாம். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு என்று சொல்வோம். பஸ்ஸில் வருவது குறை இல்லையே. பூவரசங்குளத்திலிருந்தும் நேரியகுளத்திலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும் வருகிற எல்லாப் பிள்ளையும், தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும், கடை முதலாளியின் மகளும் அந்த மேசையில் இருப்பாள். நகரத்துக்குள் நடந்து வருகிற ஒருத்தி தட்டோடு வந்து நின்றால் பஸ் ரிக்கற் காட்டு என்று ஒருவரும் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

அதிபர் அவர்களுக்கு ஒரு பயம் இருக்கும், நியாயமான பயம். முதலாம் பாடம் பிந்தும். பஸ் ஏழு பத்துக்கு வருகிறது, மணி ஏழரைக்கு. இருபது நிமிடத்தில் 60 பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவவேண்டும். முடியும் என்று குசினிப் பெண்கள் சொல்கிறார்கள். தண்ணீர்க் குழாய் இன்னும் நாலு பூட்டினால் முடியும் என்றார்கள். வளைவுக்கு முன்னால் அந்த நாலு குழாயும் வருமென்றால் எனக்குப் போதும்.

ஒன்றுக்கு மட்டும் எங்களிடம் விடை இல்லை. எங்கள் பகுதியின் பஞ்சமாதம் ஐப்பசியில் தொடங்கித் தை வரை போகிறது. டிசம்பர் விடுமுறை அதன் நடுவில் வருகிறது. வீட்டில் நெல் முடிந்திருக்கும், பாடசாலைக் குசினியும் பூட்டியிருக்கும். பொதியாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்று முதலில் நினைத்தோம். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சிரித்துவிட்டு, "மிஸ், வீட்டை போனால் அவளின்ர பங்கு தம்பிக்குப் போயிடும். அவளே குடுத்திடுவாள்" என்றா. திரிபோஷாப் பைக்கற் வீட்டுக்குப் போய் ஐந்து பேருக்குப் பிரிவதை வருடக்கணக்கில் பார்த்தவ அவ. ஆகவே விடுமுறையில் பிள்ளைகள் ஏதாவது ஒரு சாட்டில் ஓரிடத்துக்கு வரவேண்டும். வாசிகசாலையா, அறநெறி வகுப்பா, மாதர் சங்கக் கட்டடத்தில் தையல் வகுப்பா, எதுவென்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் கொப்பியோடு பின்கதவடியில் நிற்பேன், யோசனை இருப்பவர்கள் வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.